மீன்முள் வரிகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கூடைப்பந்து ஷூவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். தாய் கடன் வாங்கிக் கொடுத்த பணத்தைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது சிறிய பொருளல்ல.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் வெறுங்காலோடுதான் இந்த ஆட்டத்தைக் கற்றேன். கல்லூரி அணியில் இடம் கிடைத்தபோது, படிப்பு முடித்துச் சென்ற அண்ணன் ஒருவர் தம் பழைய ஷூவைக் கொடுத்தார். அவருக்கு ஒன்பது, எனக்கு எட்டு. இரண்டு காலுறை போட்டுச் சமாளித்தேன். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் வலப்புறம் பாய்ந்து இடப்புறம் திரும்பினேன். ஷூ திரும்பியது, உள்ளிருந்த கால் திரும்பவில்லை. கணுக்கால் பிசகி ஐந்து வாரம் படுத்திருந்தேன். அந்த ஐந்து வாரமும் அம்மா களையெடுக்கப் போகுமுன் எனக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆறாவது வாரம் மகளிர் குழுவில் ரூ.2,500 வாங்கி வந்து என் கையில் வைத்தார். பத்து மாதத் தவணை.

கடையில் நாலு அடி நடந்து பார்த்து ஷூ வாங்குவது, பெண்ணைப் புகைப்படத்தில் பார்த்துக் கல்யாணம் செய்வது போலத்தான். பளபளப்பான தரை, மெத்தென்ற குதிகால், எதிரே கண்ணாடி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "வெளிய போட்டு நடந்துட்டா மாத்தித் தரமாட்டோம் தம்பி" என்றார் கடைக்காரர். ஆக, பணம் போன பிறகுதான் பரீட்சை.

கணுக்காலை மூடும் உயரமான ஷூதான் வாங்க வேண்டும் என்று அணியில் எல்லாரும் சொன்னார்கள். 1917-இல் கன்வெர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கான்வாஸ் ஷூ நாளிலிருந்தே அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்து நடத்தி 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, உயர்ந்த ஷூவுக்கும் தாழ்ந்த ஷூவுக்கும் சுளுக்கு விஷயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. என்னைக் கவிழ்த்ததும் உயரமல்ல, அளவு. எனவே காலைக் கவ்விப் பிடிக்கும் தாழ்ந்த ஷூவையே எடுத்தேன். விலையும் குறைவு, மறைப்பானேன்?

முதலில் பிடிமானம். வீட்டின் பின்புறம் ஒரு மீட்டர் நீளச் சிமெண்டுப் பலகை கிடந்தது. ஷூவுக்குள் ஒரு செங்கல் துண்டை வைத்துப் பலகையின் மேல் நிறுத்தி, ஒரு முனையை மெல்லத் தூக்கினேன். துடைத்த பலகையில் 67 செண்டிமீட்டர் உயரம் வரை ஷூ அசையவில்லை. சறுக்குக் கோணம் 42 பாகை. உராய்வுக் குணகம் 0.90. பலகையில் கொஞ்சம் புழுதி தூவினேன். 50 செண்டிமீட்டரிலேயே வழுக்கி வந்துவிட்டது. 30 பாகை, 0.58. ஈரத்துணியால் அடிப்பாகத்தையும் பலகையையும் துடைத்ததும் மறுபடி 65 வரை நின்றது. பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கடி உள்ளங்கையால் ஷூவின் அடியைத் துடைப்பது பகட்டு என்று எண்ணியிருந்தேன். அன்றோடு அந்த எண்ணம் போயிற்று. ரப்பர் சிமெண்டைத் தொட்டால்தான் பிடிக்கும். நடுவே புழுதி இருந்தால் தொடுவது புழுதியைத்தான்.

இந்தக் கணக்கைப் பெருமையோடு எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "நீ எத்தனை கிலோ?" என்றார். "58 சார்." "செங்கல்?" "ஒன்றரை." "ரப்பர் நம் பாடப்புத்தக விதிக்குக் கட்டுப்படாதப்பா. சுமை ஏற ஏற அதன் குணகம் இறங்கும். இது செங்கலுக்கான ஷூ. மனுஷனுக்கு ஆடுகளத்தில் போய்ப் பார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். கடைக்கோட்டிலிருந்து தனியெறிக் கோடு வரை 5.8 மீட்டர். முழு வேகத்தில் ஓடி அக்கோட்டில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி வழுக்கிய தூரத்தை நண்பன் சாக்கட்டியால் குறிப்பான். காற்றடித்துப் புழுதி படிந்த மாலையில் ஒரு சாணுக்கு மேல் வழுக்கினேன். களத்தைப் பெருக்கிவிட்டு ஓடினால் நாலு விரல்கூட இல்லை. கடையில் இன்பமாயிருந்த அந்த மெத்தென்ற குதிகால்தான் இங்கே குற்றவாளியாயிற்று. நேராக ஓடும்போது சுகம். திடீரென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது நுரை ஒருபுறம் அமுங்கி, குதிகால் சாய்ந்தது. அதற்காக மெத்தையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அரை மீட்டர் எம்பி இறங்குகிறவன் நொடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகத்தில் சிமெண்டைச் சந்திக்கிறான். அந்த வேகம் அடங்கும் நேரம் இருமடங்கானால் தடுத்து நிறுத்தும் சராசரி விசை பாதியாகும். அதில் ஷூ செய்வது கொஞ்சம். மீதியை முழங்கால் மடங்கித்தான் செய்ய வேண்டும். கயிற்றை மேல் துளைவரை இறுக்கிக் கட்டியபின் சாய்வு பெருமளவு குறைந்தது. பழைய ஷூவுக்கு 100-க்கு 30 கொடுத்தால் இதற்கு 70 கொடுப்பேன்.

அப்பா கல் உடைக்கிறவர். டயர் செருப்புதான் போடுவார். ஷூவைப் புரட்டி, அடியிலுள்ள மீன்முள் போன்ற வளைவரிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மெதுவா இருக்கே. தேஞ்சிருமேய்யா" என்றார். பேராசிரியர் சொல்லாத பாடம் அது. கரி சேர்த்த டயர் ரப்பர் தேயாது; மெதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். மரத்தளம் போட்ட உள்ளரங்கில் அது பல காலம் உழைக்கலாம். நம் கல்லூரிச் சிமெண்டுத் தளமோ உப்புத்தாள்.

வெர்னியர் அளவியில் பார்த்தேன். வாங்கிய அன்று பெருவிரல் அடியில் வரிகளின் ஆழம் 3.2 மில்லிமீட்டர். மூன்று மாதம் கழித்து 2.1. இதே வேகத்தில் போனால் ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் வரியே இராது. தவணை பத்து.

போன வாரம் அம்மா கேட்டார்: "ஏய்யா, இம்புட்டுப் பணத்துக்கு இது எத்தனை வருசத்துக்கு வரும்?"

"நல்லா வரும்மா" என்றேன்.

இப்போதெல்லாம் ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு செருப்போடுதான் களத்துக்குப் போகிறேன். பந்தெறியும் பயிற்சியெல்லாம் வெறுங்காலில். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் ஷூ. நாலாம் மாத அளவு 1.9. மாதத்துக்கு 0.2 என்ற கணக்கில் தேய்ந்தால் பத்தாவது தவணை கட்டும் நாளில் 0.7 மில்லிமீட்டர் மிஞ்சும்.

விளையாட்டுக்கு முன் களத்தைப் பெருக்க முதலாண்டுத் தம்பிகள் இருவர் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். துடைப்பம் நான் கொண்டு வருகிறேன்.