துருப்பிடிக்கும் பிளாஸ்டிக்

டோக்கியோவில் உயெனோவுக்கும் ஒகாச்சிமாச்சிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி நீள்கிறது அமெயோகோ கடைத்தெரு. மீன், காலணி, உலர்பழம் எல்லாம் கூவி விற்கும் அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு சந்தில் நுழைந்தோம். மாடியில் ஒற்றை அறைப் பட்டறை. ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு இரும்பின் நிறம் ஏற்றும் பெரியவரைப் பார்க்க, ஜப்பானிய நண்பர் என்னை அழைத்துப் போயிருந்தார்.

விளக்கடியில் கோல்ட் 1911 மாடலின் மேல்பாகம், ஸ்லைடு, கிடந்தது. அதன் முதுகு நெடுக மயிரிழை போல ஒரு கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. “முதலில் இது போகணும். இது இருக்கிற வரைக்கும் பொம்மைதான்” என்றார்.

இந்தக் கைவேலைக்கு வழிவிட்டது சட்டம். முன்பு ஜப்பானில் மாடல் துப்பாக்கிகளை உலோகத்திலேயே வார்த்தார்கள். 1971இல் சட்டம் திருத்தப்பட்டது. உலோகக் கைத்துப்பாக்கி மாடல் என்றால் குழல் அடைபட்டிருக்க வேண்டும், நிறம் வெள்ளையோ மஞ்சளோதான். 1977இல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பிறகு வந்த ஏர்சாஃப்ட், 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டை எறியும் விளையாட்டுப் பொருள். அதன் ஆற்றலுக்கும் 2006இல் ஏறத்தாழ 0.98 ஜூல் என்று வரம்பு வந்தது. பிளாஸ்டிக்கில் கனம் இல்லை என்ற குறையைத் தீர்க்க உலோகத்தூளைக் கலந்தார்கள். ‘ஹெவி வெயிட்’ என்று பெயர். பெரியவரின் வித்தை அந்தத் தூளில்தான் தொடங்குகிறது.

உதவிக்கு இருந்த இளம்பெண் 400 நம்பர் உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு, நீளவாக்கில் மட்டும் இழுத்தார். வெறும் விரலால் தேய்த்தால் விளிம்பு மழுங்கிவிடும். இரும்பைக் கடைந்தெடுத்த விளிம்பு கூராக நிற்கும். மழுங்கிய விளிம்பு பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். 600, 800, 1000 என்று தாள் மாற மாற, கருஞ்சாம்பலுக்கு அடியிலிருந்து மங்கலான வெள்ளிநிறம் எழுந்தது. தேய்த்து முடிக்கவே ஒரு முழு நாள் ஆகும் என்றார்.

பிறகு சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார்கள். அதன்பின் வெறுங்கை படக்கூடாது. ஒரு விரல்ரேகை போதும், அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. பெரியவர் ஜன்னலைத் திறந்தார், கையுறை மாட்டினார். செலீனிய அமிலமும் செம்பு உப்பும் கலந்த அந்த நீலத் திரவம் நஞ்சு. பஞ்சில் நனைத்து ஒரே வீச்சாக இழுத்தார். வெள்ளி பழுப்பாகி, கண்ணெதிரே நீலக்கருமையாக இறங்கியது. உடனே தண்ணீரில் அலசினார். திட்டுத்திட்டாக இருந்த இடங்களை மெல்லத் தேய்த்து, மறுபடி பூசினார். நான்கு முறை.

இது சாயம் இல்லை. தூளாகக் கலந்திருக்கும் உலோகமே திரவத்தோடு வினைபுரிந்து கருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக்கில் இதே திரவத்தைப் பூசினால் வழிந்து ஓடிவிடும்.

உறையில் போட்டு எடுத்துத் தேய்ந்த மாதிரி விளிம்பை வெளிறவைத்துத் தரச்சொல்லிச் சிலர் கேட்பார்களாம். இவர் செய்வதில்லை. “தேய்மானம் வச்சிருக்கிறவர் கையால வரட்டும். அதை நான் முன்கூட்டியே செஞ்சு தரக்கூடாது.”

நிறம் ஏறிய ஸ்லைடை என் கையில் கொடுத்தார். பார்வைக்கு அசல் இரும்பு. தொட்டால் இரும்பின் குளிர்ச்சி இல்லை. கீழே போட்டால் விரிசல் விடும் என்று எச்சரித்தார். தெருவில் எடுத்துப் போகும்போது கட்டாயம் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறார். அசல் போலச் செய்யத் தெரிந்தவருக்கு அந்தப் பொறுப்பும் உண்டு என்று நம்புகிறவர்.

கடைசியாகத் துணியில் சிலிகான் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். “மாசம் ஒரு தடவை இப்படித் துடைக்கணும். விட்டுட்டா மங்கும், துருவும் பிடிக்கும்.”

பிளாஸ்டிக்குக்குத் துருவா என்று கேட்டேன். அந்தப் பெண் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். கவனிப்பாரற்றுக் கிடந்து, பழுதுபார்க்க வந்தது. கைப்பிடிக்கு மேலே செம்பழுப்பாக, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை.

பெரியவர் அந்தக் கறையை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 400 நம்பர் தாளை எடுத்தார்.