வான் பாயும் நீர்

இளமையில் இரணைமடுக் குளம் வான் பாயக் கண்டு, "இத்துணை நீரும் வீணாகின்றதே" என நாம் வருந்தினோம். தந்தையார், "தம்பி, வான் பாயாவிட்டாற் கட்டு உடையும்" என்றார்.

மண்ணணையின் முடிமேல் நீர் வழியுமாயின் மண் அரிப்புண்டு அணை அழியும். ஆதலின் முடியினுந் தாழ்வாகக் கல்லாலும் கொங்கிறீற்றாலும் வான் அமைத்து, கதவுகளைப் படிப்படியாகத் திறப்பர். வீழும் நீர் நிலத்தைக் குடையாதவாறு அடியில் அதன் வேகத்தைத் தணிப்பர். 1957ஆம் ஆண்டு மார்கழிப் பெருவெள்ளத்தில் இலங்கையிற் பல குளங்கள் உடைப்பெடுத்தமையை முதியோர் இன்றும் மறந்திலர்.

இவையறிந்தும், ஆசிரியரான பின்னர், அடக்குதலே ஒழுக்கமென எண்ணினோம். முன்பு பிறிதொரு பாடசாலையில், ஓயாது வினாவிய மாணவனொருவனை வாயடைத்தோம். சில நாளில் அவன் சினந்து படிப்பையே கைவிட்டான். அன்றுதொட்டு எம் வகுப்பில் வினாவுக்கென ஒரு வேளை ஒதுக்கியுள்ளோம். அதுவே எமது வான்.