வந்த வேளை

மே 3, சனி

இரவு மணி 10. மகளின் கணினிக்கு உயிர் வந்துவிட்டது. கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வரைந்த கட்டடத்தை வெயிலும் நிழலுமாக முப்பரிமாணப் படமாக்கும் ரெண்டரிங் வேலையை அவளுடைய பழைய லேப்டாப் தாங்கவில்லை. போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கும்பகோணம் கொண்டுவந்தோம். இன்று காலையிலிருந்து கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பூட்டினோம்.

நான் இயற்பியல் வாத்தியார். ஆனாலும் இன்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ப்ராசஸரின் மூலையில் இருக்கும் முக்கோணக் குறியை மதர்போர்டின் குறியோடு பொருத்தி வைத்தாள். மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் லேபிளை உரக்க வாசித்தாள்: 550 வாட், உள்ளீடு 200 முதல் 240 வோல்ட். பட்டனைத் தட்டியதும் விசிறிகள் சுற்றின. எங்கள் கையால் ஒன்றைச் செய்து, அது ஓடுவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடங்கியது. மாலை 6.10க்குக் கணினி அணைந்துவிட்டது. எச்சரிக்கை இல்லை, திரையில் ஒரு வரிகூட இல்லை. ஓடிக்கொண்டிருந்த ரெண்டரிங் இரண்டு மணி நேர வேலை, போயிற்று. பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்த அம்மா, "என்னடா ஆச்சு?" என்றார். மகள் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டனைத் தட்டினால் மறுபடி ஓடுகிறது. இனி தினமும் எழுதிவைப்பதாக முடிவு செய்தேன். அணைந்த நேரம் ஒரு பத்தி, அப்போது கணினி என்ன செய்துகொண்டிருந்தது என்பது இன்னொரு பத்தி. ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

முதல் குறிப்பு: கணினி அணைந்தபோது மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. ஆகவே கோளாறு வீட்டு மின்சாரத்தில் இல்லை.

மே 5, திங்கள்

சூடுதானோ என்று பார்த்தோம். நாள் முழுக்க ரெண்டரிங் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனித்தோம். கூடத்தில் எங்களுக்கே வேர்த்தது. ப்ராசஸர் 74 டிகிரியைத் தாண்டவில்லை. இந்தக் காலத்து ப்ராசஸர்கள் 95, 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் தங்களைக் காத்துக்கொள்ள அணையும். இங்கே வேகம் குறையவே இல்லை. ஆனால் மாலை 6.05க்கு மறுபடி அணைந்தது.

மே 6, செவ்வாய்

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தோம். ஒவ்வொரு முறை அணைந்த பிறகும் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இருக்கிறது. ஒழுங்காக மூடாமல் நின்றுபோனேன் என்று மட்டுமே அது சொல்லும், காரணம் சொல்லாது. ஆனால் அதன் விவரப் பகுதியில் இரண்டு எண்கள் உண்டு. விண்டோஸ் தானே திணறி நீலத்திரை காட்டி நின்றிருந்தால் முதல் எண்ணில் அதன் குறியீடு இருக்கும். யாராவது பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் இரண்டாவது எண்ணில் அந்த நேரம் பதிவாகியிருக்கும். எங்கள் பதிவுகளில் இரண்டுமே சுழியம்.

ரேம், பட்டன், மென்பொருள் மீதிருந்த சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. ஏதோ எழுதிவைக்கக்கூட அவகாசமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது. மாலை 6.15க்கு இன்னொரு முறை போனது.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "வாங்குன வேளை சரியில்ல போல. நாள் பாத்தா பூட்டுனீங்க?" என்றார். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மே 7, புதன்

எல்லாவற்றையும் கழற்றினோம். கேபினெட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களை எண்ணினோம். பெரிய போர்டுக்கு ஒன்பது துளை, எங்களுடைய சிறிய போர்டுக்கு எட்டு. கேபினெட்டில் ஒன்பதாவது கால் மிச்சமிருந்தால் அது போர்டின் முதுகில் முட்டி ஷார்ட் ஆக்கலாம். பூட்டும்போதே மகள் அதைக் கழற்றி வைத்திருந்தாள். 24 பின் இணைப்பு, ப்ராசஸருக்குப் போகும் 8 பின் இணைப்பு இரண்டையும் பிடுங்கி, 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும்வரை மறுபடி அழுத்தினோம். பின்களில் கருகல் எதுவும் இல்லை.

பிறகு கேபினெட்டே வேண்டாம் என்று, மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டினோம். மாலை ஆறைத் தாண்டியும் அணையவில்லை. மகள் கைதட்டினாள். நான் மட்டும் இரண்டாவது பத்தியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: இன்று ரெண்டரிங் இல்லை, சும்மா இருந்தது.

மே 8, வியாழன்

அட்டைப்பெட்டியின் மேல் வைத்தே ரெண்டரிங் ஓட்டினோம். காலை 6.20க்கு அணைந்தது. கேபினெட் நிரபராதி.

பேருந்து நிலையத்துக்கு அருகே சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் கொண்டுபோனேன். டெஸ்டரை மாட்டினான். 12 வோல்ட் தடத்தில் 12.1. ஐந்து சதவீதம் ஏற இறங்க, அதாவது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சரியாகவே இருந்தன.

சாம்பல் நிற ஒயரைக் காட்டி அவன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. "சார், எஸ்.எம்.பி.எஸ். இது வழியாத்தான் 'எல்லா வோல்ட்டும் சரியா இருக்கு'ன்னு மதர்போர்டுகிட்ட சொல்லிட்டே இருக்கும். அந்தச் சேதி நின்னா, போர்டு அடுத்த கணமே எல்லாத்தையும் நிறுத்திடும். யாரையும் கேட்காது." பதிவேட்டில் இருந்த இரண்டு சுழியங்களுக்கும் பொருள் அதுதான்.

மே 10, சனி

இரண்டு நாள் அவன் கடையில் இரவும் பகலும் முழுச்சுமையில் ஓடியது. ஒரு முறைகூட அணையவில்லை. வைத்தியரைப் பார்த்ததும் வலி போய்விடும் என்பார்களே, அதுபோல. எடுத்துவரப் போனபோது, "வீட்டுக்கு ஒரு யு.பி.எஸ். போட்டுடுங்க சார், சரியாயிடும். எங்க கடையில எல்லா லைனும் யு.பி.எஸ்.தான்" என்றான்.

வண்டியில் வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் மனதில் நின்றது. அப்படியென்றால் இரண்டு நாளும் அவன் சோதித்தது எங்கள் கணினியைத்தான், எங்கள் வீட்டை அல்ல.

இரவு நோட்டைப் பிரித்து முதல் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். மாலை 6.10, 6.05, 6.15. காலை 6.20. மின்னணுப் பழுதுக்குக் கடிகாரம் தெரியாது. இந்த நேரங்கள் மனிதரின் நேரங்கள். விடிந்ததும் ஒரு முறை, விளக்கு வைக்கும் முன் ஒரு முறை, இந்த வீட்டில் அம்மா தவறாமல் செய்யும் ஒரு வேலை உண்டு. மோட்டார் போடுவார்.

மே 11, ஞாயிறு

காலை 6 மணிக்கு மல்டிமீட்டரைக் கணினியின் பக்கத்து சாக்கெட்டில் வைத்து, மகளைப் பார்க்கச் சொன்னேன். 228 வோல்ட். அம்மாவிடம் மோட்டாரைப் போடச் சொன்னேன். "171!" என்று மகள் கத்தினாள். அடுத்த கணம் 216க்கு ஏறி அங்கேயே நின்றது. இந்த மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். உண்மையான சரிவு 171க்கும் கீழே போயிருக்கலாம்.

மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அது இயற்கை. ஆனால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பினால் கூடத்து சாக்கெட் இவ்வளவு தூரம் சரியக் கூடாது. 200 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்வதாக எங்கள் எஸ்.எம்.பி.எஸ். வாக்குக் கொடுக்கவில்லை. அதன் மின்தேக்கியில் இருக்கும் சேமிப்பு, முழுச்சுமையில் 16, 17 மில்லி செகண்டுக்குத்தான் வரும். நம் மின்சாரத்தின் ஒரு அலையே 20 மில்லி செகண்டு. சும்மா இருக்கும் கணினி கொஞ்சமே எடுப்பதால், அதே சேமிப்பு வெகுநேரம் தாங்கிவிடும். மே 7 அன்று அணையாமல் போனது அதனால்தான்.

எலக்ட்ரீஷியன் பத்து மணிக்கு வந்தார். மெயினை இறக்கி, ஃப்யூஸைப் பிடுங்கி, டெஸ்டரால் இரண்டு முறை பார்த்த பிறகே மெயின் போர்டின் மூடியைத் திறந்தார். கருகிய வாடை வந்தது. நியூட்ரல் ஒயரின் திருகு, விரல் பட்டதும் ஆடியது. ஒயரின் சிவந்த செம்பு கருத்து, மேலுறை உருகி, பின்பலகை பழுப்பேறியிருந்தது. "லூஸ் கனெக்‌ஷன் சார். இன்னைக்கு நேத்திக்கு வந்ததில்ல இது. ரெண்டு மூணு வருஷமாவது இருக்கும்" என்றார்.

நான் போர்டின் முன்னால் நின்றுவிட்டேன். ஜூலின் வெப்ப விதியைப் பத்தாம் வகுப்புக்கு இருபது வருடமாக நடத்துகிறேன். அந்தத் தளர்ந்த திருகின் மின்தடை ஒரே ஒரு ஓம் என்று வைத்தாலும், மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் போகிறது. ஆறின் வர்க்கம் 36. முப்பத்தாறு வாட் வெப்பம். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். தினமும் காலையும் மாலையும், மூடிய பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னைப் பழுக்கவைத்து எங்கள் சுவரில் சாத்தியிருக்கிறோம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கட்டில் இருக்கிறது.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? குண்டு பல்பு இருந்த காலத்தில் மோட்டார் போட்டால் விளக்கு மங்கும், வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பலவும் 100 வோல்ட்டிலும் அதே வெளிச்சம் தரும். லேப்டாப்புக்கும் செல்பேசிக்கும் பேட்டரி உண்டு. மின்விசிறி ஒரு கணம் தளர்ந்தால் யார் கவனிப்பார்கள்? வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளும் சரிவைத் தன்னளவில் சமாளித்துக்கொண்டு எங்களிடமிருந்து மறைத்துவிட்டது. பேட்டரி இல்லாமல், முழுச்சுமையோடு, நேராகச் சுவரில் வந்து அமர்ந்த இந்தப் புதுக் கணினி ஒன்றுதான் நடந்ததை நடந்தபடி சொல்லியது. முதல் நாளே யு.பி.எஸ். வாங்கி அதன் வாயை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் கருகிய முனையை வெட்டி எறிந்து, புது ஒயர் இழுத்து, முனையில் லக் வைத்து நசுக்கி, புது நியூட்ரல் இணைப்பில் முறுக்கினார். மற்ற திருகுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். பிறகு மோட்டாரைப் போட்டோம். கிளம்பும்போது 209. ஓடும்போது 225.

மே 12, திங்கள்

நேற்று மாலை, இன்று காலை, இன்று மாலை. ரெண்டரிங் ஓட ஓட மூன்று முறை மோட்டார் போட்டாயிற்று. கணினி அணையவில்லை. மகளின் நூலகக் கட்டடம், சாய்வெயில் விழும் தாழ்வாரத்தோடு திரையில் முழுதாக வந்து நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேபினெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் இந்த வீட்டுக்கு வந்த மூணாம் நாள், தண்ணி எறைக்கறப்ப கிணத்துக் கயிறு அறுந்து வாளி உள்ள போயிடுச்சு. வந்த வேளைன்னாங்க. கயிறு எத்தனை வருஷம் பழசுன்னு ஒருத்தரும் பாக்கல."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை.

மே 4ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, 'கோளாறு வீட்டு மின்சாரத்தில் இல்லை' என்ற வரியை அடித்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு மே மாதமும், கத்திரி தொடங்கும் முன், எலக்ட்ரீஷியனை அழைத்து மெயின் போர்டின் திருகுகளைப் பார்க்க வேண்டும்.