ஏமாந்தவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

ஒரு தெர்மாகோல் டப்பா. உள்ளே இரண்டு ரொட்டித் துண்டுகள், இரண்டு சீஸ் துண்டுகள், ஓரத்தில் கொஞ்சம் சாலட். 2017 ஏப்ரல் கடைசியில் உலகம் முழுக்கச் சுற்றிய போட்டோ இது. எடுத்தவர், பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்ஸூமா தீவில் நடக்கவிருந்த 'ஃபையர் ஃபெஸ்டிவல்' என்ற ஆடம்பர இசை விழாவுக்கு டிக்கெட் வாங்கிப் போனவர். சொகுசுக் குடில், அருமையான விருந்து, நீலக்கடல், விடிய விடிய இசை என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். சில நூறு டாலரில் ஆரம்பித்து 12,000 டாலர் வரை விலை. போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது புயல் நிவாரணத்துக்கு அடிக்கும் கூடாரம், முந்தின நாள் மழையில் ஊறிய மெத்தை, இந்த ரொட்டி. கச்சேரி நடக்கவே இல்லை.

விஷயம் வெளியே வந்ததும் உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. 'பணக்கார வீட்டுப் பிள்ளைகள், நல்லா வேணும்' என்றது. குடிக்கத் தண்ணீர் இல்லை, திரும்பிப் போக விமானம் இல்லை என்று அவர்கள் போட்ட பதிவுகளுக்குக் கீழே கேலிதான் குவிந்தது.

அந்த விழாவை விற்றது செய்தித்தாள் விளம்பரம் அல்ல. 2016 டிசம்பரில் பிரபல மாடல்களும் சமூக வலைதள நட்சத்திரங்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்றைத் தங்கள் பக்கங்களில் பதிவிட்டார்கள். விழாவை விளம்பரப்படுத்திய கெண்டல் ஜென்னருக்கு ஒரே ஒரு பதிவுக்குக் குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. விழா கவிழ்ந்த பிறகு விவகாரம் நீதிமன்றம் போய், 2020-ல் 90,000 டாலர் திருப்பித் தர அவர் சம்மதித்தார். விழாவை நடத்திய பில்லி மெக்ஃபார்லண்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2018 அக்டோபரில் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆக, ஏமாற்றியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் ஊர் வாயில் அதிகம் அடிபட்டவர்கள் ஏமாந்தவர்கள்தான்.

டிக்கெட் விலை குறைந்தால் பேச்சும் மாறிவிடுகிறது. 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குழந்தைகளுக்கான சாக்லேட் உலகம் என்று ஒரு நிகழ்ச்சி. செயற்கை நுண்ணறிவு வரைந்த வண்ணப் படங்களைக் காட்டி, 35 பவுண்டு வரை டிக்கெட் விற்றார்கள். உள்ளே போனால் பாதி காலியான ஒரு கிடங்கு. குழந்தைகளுக்குக் கையில் சில ஜெல்லி மிட்டாய், கால் கப், அரை கப் எலுமிச்சைச் சாறு. போலீஸ் வர வேண்டியதாயிற்று. அங்கே பெற்றோரைப் பார்த்து 'நல்லா வேணும்' என்று சொன்னவர்கள் குறைவு. இரண்டு இடத்திலும் தந்திரம் ஒன்றுதான். அழகான படம், அவசரமான டிக்கெட், உள்ளே ஒன்றுமில்லை. பணம் போனவரின் வசதியைப் பார்த்து இரக்கத்தை அளந்து ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

பஹாமாஸ் எங்கே, கடலூர் எங்கே என்று கேட்கலாம். செம்மண்டலத்தில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேட்டால் தூரம் அவ்வளவு அதிகமில்லை என்று புரியும்.

அந்த வீட்டுப் பெண் சிதம்பரத்தில் படித்து முடித்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் கடையில் கணக்கு பார்க்கிறாள். மாதம் பதினோராயிரம் சம்பளம். புது வருஷத்துக்கு முந்தின இரவு, பாண்டிச்சேரி போகும் வழியில் கடற்கரையில் இசை, விருந்து, வாணவேடிக்கை என்று ஒரு ரீல்ஸ். சொன்னவள், இவள் மூன்று வருஷமாகப் பின்தொடரும் ஒரு பெண். முகத்துக்கு என்ன போடுவது, சுடிதாருக்கு எந்தக் கம்மல் பொருந்தும் என்பதெல்லாம் அவளிடம் கற்றுக்கொண்டதுதான். 'நானும் வர்றேன், நீங்களும் வாங்க' என்றாள் அந்தப் பெண். இவளும் இரண்டு தோழிகளும் தலைக்கு மூவாயிரம் ரூபாயை ஜிபேயில் அனுப்பினார்கள்.

அன்றைக்கு ராத்திரி மேப் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஒரு சவுக்குத் தோப்பும் பூட்டிய இரும்பு கேட்டும்தான் இருந்தன. இவர்களைப் போலவே அலங்காரம் செய்துகொண்டு வந்த நாற்பது, ஐம்பது பேர் வாசலில் நின்றார்கள். டிக்கெட்டில் இருந்த எண் ஸ்விட்ச் ஆஃப். இன்ஸ்டாகிராம் பக்கம் காணவில்லை. அந்த ரீல்ஸும் அழிக்கப்பட்டிருந்தது. மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, பஸ் பிடித்து வீடு சேர்ந்தவள் அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்லா இருந்துச்சும்மா."

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த தோழி உளறிக் கொட்டியதில்தான் விஷயம் தெரிந்தது. "மூவாயிரம் ரூபா! மூணு சிலிண்டர் காசுடி! அந்த ராத்திரியில அங்க உனக்கு என்னடி வேலை?" என்று அம்மா ஆரம்பித்தார். பெரியம்மா போனில் சேர்ந்துகொண்டார். "போன்ல யாரோ சொன்னா காச எடுத்து நீட்டிருவியா?" என்றார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. போலீஸுக்குச் சொன்னாயா என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அவள் சொல்லியிருக்கவில்லை. பணம் அனுப்பிய அன்றே, இல்லை மறுநாளாவது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால், போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிப் பணத்தை மீட்க ஒரு வழி இருந்திருக்கும். இந்த மாதிரி விஷயத்தில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். இரண்டு வாரத்தை அவள் வெட்கத்திலேயே கழித்துவிட்டாள்.

அன்றைக்கு இரவு அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. மகளை எழுப்பி உட்கார வைத்து, வீட்டில் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் தீபாவளிச் சீட்டு கட்டியிருக்கிறார். மாதம் ஆயிரம். தீபாவளிக்குத் தங்கக் காசு, பாத்திரம், பட்டாசு, சுவீட் பாக்ஸ். பத்து மாதம் கட்டிய பிறகு, வெளியூரில் சீட்டு நடத்தியவர் ஓடிவிட்டார். தெருவே சீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனது. இவர் போகவில்லை. புகார்ப் பட்டியலில் பெயர் வந்தால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், மாமியார் 'பேராசை' என்று பேசுவார் என்ற பயம். பத்தாயிரத்தைத் தங்கைக்குக் கைமாற்றாகக் கொடுத்ததாகச் சொல்லி மூடிவிட்டார். வீட்டுக்காரர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதே வெட்கத்தில் தானே பத்தாயிரத்தை விட்டவர், மகளைத் திட்டும்போது தன் மாமியாரின் வார்த்தையைத்தான் எடுத்துப் பேசியிருக்கிறார்.

அந்தச் சீட்டில் இன்னொருவரும் உண்டு. வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கிய தையல்கார அக்கா. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம். ஓடிப்போனவரை யாருமே பார்த்ததில்லை. அக்காவை நம்பித்தான் கட்டினார்கள். தனக்கும் சேர்த்துத்தான் நாமம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அக்கா கழுத்துச் சங்கிலியை விற்று முடிந்தவரை சில வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அப்படியும் தண்ணீர்க் குழாயடியில் அவர் காதுபடப் பேசுவது இன்னும் நின்றபாடில்லை.

எக்ஸூமா தீவிலும் அப்படி ஒரு பெண்மணி இருந்தார். உணவகம் நடத்துபவர். விழாக்காரர்களை நம்பி ஆள் வைத்துச் சமைத்துப் போட்டார். அவர்கள் பணம் தராமல் போய்விட்டார்கள். வேலை செய்தவர்களுக்குத் தன் சேமிப்பிலிருந்து சுமார் 50,000 டாலர் எடுத்துச் சம்பளம் கொடுத்தார். இரவு பகலாகக் கூடாரம் அடித்த உள்ளூர்க் கூலிக்காரர்கள் பலருக்குக் காசு வரவில்லை. கேலிப் படங்களில் இவர்கள் யாரும் இல்லை. 'பணக்காரப் பிள்ளைகள் ஏமாந்த கதை' என்று சிரித்தபோது, அதே மோசடியில் பணம் போன ஏழைகள் கண்ணில் படவே இல்லை.

தையல்கார அக்காவுக்கும் ரீல்ஸ் போட்ட பெண்ணுக்கும் தொழில் ஒன்றுதான். தன் முகத்தின் மேல் பிறர் வைத்திருக்கும் நம்பிக்கையை இன்னொருவருக்குக் கடன் கொடுப்பது. அக்கா அதே தெருவில் குடியிருக்கிறார், அதனால் சங்கிலி போனது. மற்றவளுக்கு ஒரு பதிவை அழித்தால் போதுமானதாக இருந்தது. பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை என்று ஊரைக் கூட்டிய சுசி நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தவர்கள் பிரபல சினிமா நடிகர்கள். 2012-ல் அது கவிழ்ந்தபோது முதலீடு செய்தவர்கள் கையில் தீனி போட முடியாத கோழிகள் மிஞ்சின. அப்போதும் 'கோழி வளர்த்துக் கோடீஸ்வரன் ஆகப் பார்த்தானாம்' என்றுதான் கேலி பேசினார்கள்.

முகம் காட்டுகிறவர் பொறுப்பை ஏற்றால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சியை மோசடி என்று சொல்ல முடியாது. கச்சேரி நடந்தது, ஏ.ஆர்.ரஹ்மான் பாடினார். ஆனால் டிக்கெட் கையில் இருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் குழந்தைகள் அழுதார்கள், பெண்கள் சீண்டலுக்கு ஆளானார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையே ஸ்தம்பித்தது. மறுநாள் ரஹ்மான், உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். இந்த முறை நானே பலியாடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்ற பொருளில் எழுதினார். நிகழ்ச்சியை நடத்திய ஏசிடிசி நிறுவனமும் முழுப் பொறுப்பும் தங்களுடையது என்று வீடியோ வெளியிட்டது. பலருக்குப் பணம் திரும்பி வந்தது. பட்ட பாட்டை அது அழித்துவிடாதுதான். ஆனால் அங்கே போனவர்கள் ஏன் போனோம் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவறு எந்தப் பக்கம் என்பதை, தவறு நடந்த பக்கமே சொல்லிவிட்டது.

இப்போது சட்டமும் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாது என்று தடையும் போடலாம், தொடர்ந்தால் மூன்றாண்டு வரை. தான் சொல்வது உண்மையா என்று முன்கூட்டியே விசாரித்திருந்தால் மட்டுமே தப்பிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதும் விதி. இதற்குக் கோடி பேர் பின்தொடரும் நட்சத்திரம் என்றோ ஐயாயிரம் பேர் பின்தொடரும் உள்ளூர்ப் பெண் என்றோ வித்தியாசம் கிடையாது.

ஏமாந்தவர் செய்யக்கூடியதும் சுலபமாகியிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதலில் 1930.

அப்படியானால் ஏமாந்தவர் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. இடத்தை முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாம். அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கலாம். நிறுவனத்தின் பெயரில் கணக்கு இல்லாமல் தனி நபர் எண்ணுக்கு ஜிபே கேட்டபோதே சந்தேகப்பட்டிருக்கலாம். இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம்தான். ஆனால் பாடத்துக்கும் தண்டனைக்கும் நேரம் வேறு. கவனக்குறைவுக்கு அபராதமாக மூவாயிரம் ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு மேல் பெரியம்மாவும் பக்கத்து வீடும் தனித்தனியாக வசூலிக்க வேண்டியதில்லை.

ஏமாறுகிறவன் இருப்பதால்தான் ஏமாற்றுகிறவன் இருக்கிறான் என்று சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏமாற்றுகிறவன் அடுத்த ஊரில் கடை விரிக்க முடிவது, முந்தின ஊரில் ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொண்டதால். வாயை மூட வைத்தது கேலி. புயலில் கூரை போனவரிடம் 'கடல் பக்கத்தில் ஏன் வீடு கட்டினாய்' என்று முதல் வேலையாக யாரும் கேட்பதில்லை. 2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது கடலூருக்கு அரிசியும் தார்ப்பாயும் அனுப்பியவர்கள் அப்படிக் கேட்டுவிட்டு அனுப்பவில்லை. மோசடியில் பணம் போனவருக்கும் முதலில் அந்த மரியாதை கிடைக்கலாம்.

எக்ஸூமா உணவகப் பெண்மணியின் கதை 2019 ஜனவரியில் ஆவணப் படங்கள் மூலம் வெளியே தெரிந்தது. முன்பின் அறியாதவர்கள் பத்தும் இருபதுமாகப் போட்டு, அவருக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். தான் இழந்ததை அவர் கேமரா முன்னால் வாய் திறந்து சொன்னதால் வந்த பணம் அது.

வீட்டில் ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றால், 'உனக்கு அங்க என்ன வேலை' என்பதைப் பொங்கல் முடிந்துகூடக் கேட்டுக்கொள்ளலாம். அன்றைக்குக் கேட்க வேண்டியது இரண்டுதான். எவ்வளவு போச்சு? 1930-க்குப் போன் போட்டாச்சா?