செருப்பைத் தட்டிப் போடும் வீடு

ஜனவரி 11, சனி

சிட்னியின் வடக்கே, ஹோர்ன்ஸ்பிக்குக் குடிவந்து மூன்று கிழமை. பின்வளவு வேலியோடு காடு தொடங்குகிறது. மாலையில் மகள் பிளாஸ்டிக் கதிரையை இழுத்தபோது அதன் அடியில் கறுப்பாக ஒன்று தொங்கியது. பட்டாணி அளவு உடம்பு, முதுகில் சிவப்புக் கோடு. ரெட்பேக் சிலந்தி. தாறுமாறான வலையிலிருந்து பசை நூல்கள் நிலம்வரை விறைப்பாக இறங்கியிருந்தன. பக்கத்தில் மூன்று முட்டைப் பைகள். ஒரு பைக்குள் சுமார் 250 முட்டை இருக்கலாம். ஒரு சாண் தள்ளி மகளின் செருப்பு கிடந்தது. அதைக் கண்ட பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது.

ஜனவரி 12, ஞாயிறு

தடித்த கையுறை போட்டுக்கொண்டு கதிரை, பூச்சாடி, தபால்பெட்டி, சைக்கிள் எல்லாவற்றின் அடியையும் பார்த்தேன். ஏழு வலைகள். தடியால் சுருட்டி எடுத்து, சிலந்திகளையும் முட்டைப் பைகளையும் நசுக்கினேன். ரெட்பேக் வலையை விட்டு ஆளைத் தேடி வராது. பார்க்காமல் நாம் கை விடும் இடத்தில்தான் கடிக்கும். மழை படாத, யாரும் அசைக்காத மூலைதான் அதற்குப் பிடிக்கும். அப்படியான மூலைகளை விட்டுவைத்து மருந்தடித்தால் வேறொன்று வந்து குடியேறும். விறகையும் பழைய பெட்டிகளையும் அகற்றியபோது பொழுது சாய்ந்துவிட்டது.

ஜனவரி 15, புதன்

குசினியில் அம்மா கத்தினா. சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹண்ட்ஸ்மன் சிலந்தி. அம்மாவின் கையில் விளக்குமாறு.

"அடிக்காதேங்கோ அம்மா. உது கரப்பான் தின்னுறது."

"இவ்வளவு பெரிசு, கடிக்காதோ பிள்ளை?"

நெருக்கினால் கடிக்கலாம், நோகும். ஆளைக் கொல்லும் விஷமில்லை. பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, கீழே மட்டையைச் செருகி, வேலியடியில் கொண்டுபோய் விட்டேன். உருவத்தை வைத்துப் பயப்படக் கூடாது என்று அம்மாவுக்குச் சொன்னது எனக்கும்தான்.

ஜனவரி 18, சனி

இரவெல்லாம் மழை. விடிய, உடுப்புத் தோய்க்கிற அறையில் சப்பாத்தை எடுக்கப் போனால் பக்கத்தில் மினுங்கும் கறுப்பு. கிட்டப் போனதும் முன்கால்களைத் தூக்கி நச்சுப்பற்களைக் காட்டியது. சிட்னி ஃபனல்வெப், ஆண். பெண் பெரும்பாலும் வளைக்குள்ளேயே இருந்துவிடும். ஆண் கோடையில், ஈரமான இரவுகளில் துணை தேடி அலையும். விஷமும் ஆணுக்குத்தான் கடுமை.

மகளையும் அம்மாவையும் வெளியே அனுப்பினேன். அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலில் ஈரமண் இட்டு, சரித்துப் பிடித்து, நீண்ட தடியால் உள்ளே தள்ளினேன். வழுக்கும் கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. பிறகு சிலந்தி சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்து சோமர்ஸ்பியிலுள்ள ஊர்வனப் பூங்காவுக்குப் போகும். அங்கே விஷம் எடுப்பார்கள். அதைச் சிறிது சிறிதாக முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படும்.

1927 முதல் 1980 வரை இந்தச் சிலந்தி கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவு. மெல்பேர்னில் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட் குழுவினர் உருவாக்கிய மருந்து 1981இல் பாவனைக்கு வந்தது. அதன் பின் ஒரு மரணமும் உறுதியாகவில்லை. எங்கள் வீட்டில் பிடித்ததும் யாரோ ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போகிறது என்பதில் மனம் நிறைந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினேன்.

ஃபனல்வெப் கடித்தால்: உடனே அவசர எண் 000. கடிவாயிலிருந்து தொடங்கி, கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகப் பண்டேஜ் சுற்றி, மட்டை வைத்துக் கட்டு. நடக்காதே, அசையாதே.

ரெட்பேக் கடித்தால்: கட்டாதே. கட்டினால் நோவு கூடும். ஐஸ் ஒற்றடம் கொடுத்து நச்சுத் தகவல் நிலையத்திடம் (13 11 26) ஆலோசனை கேள். நோவு கூடினால் ஆஸ்பத்திரிக்குப் போ.

மகளின் காலில் மூன்று தடவை பண்டேஜ் சுற்றிப் பழகினேன். மூன்றாவது தடவை கை தடுமாறவில்லை.

ஜனவரி 25, சனி

கறிவேப்பிலை பறிக்க அம்மா புறப்பட்டா. பின்கதவடியில் செருப்பைக் கவிழ்த்து, படியில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் காலை விட்டா. நான் சொல்லித் தரவில்லை.

"ஊரிலை தேளுக்குத் தட்டினது பிள்ளை. கை மறக்கேல்லை."

பின்னால் போன மகளும் தன் செருப்பைக் கவிழ்த்தாள். ஒரு சின்னக் கல் விழுந்தது. குனிந்து அதை நன்றாகப் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டும் தட்டினாள்.