நாலு கோட் பெயிண்ட்டுக்கு அடியில்...

டெட்ராய்ட்டில் நகைக் கடைக்குப் போனால் பெயிண்ட்டை விற்கிறார்கள்! அந்தக் காலத்து கார் ஃபாக்டரிகளில் ஸ்பிரே அடிக்கும்போது தெறித்து, படிந்து, சூட்டில் வெந்து வெந்து கல்லாகிப்போன பெயிண்ட் கட்டி. அறுத்து பாலிஷ் போட்டால் உள்ளே வரி வரியாக வானவில். பெயர் ஃபோர்டைட். கம்மலாகக் காதில் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

பிக்கெட் அவென்யூவில் 1904-ல் கட்டிய மூணு மாடி செங்கல் கட்டடம் இப்போது மியூசியம். 1908-ல் மாடல் டி பிறந்த வீடு. 'கறுப்பு என்றால் தருவேன், இல்லாவிட்டால் கிடையாது' என்று ஃபோர்டு சொன்ன கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முழுசாக நம்பாதீர்கள். ஆரம்பத்தில் சிவப்பு, பச்சை, சாம்பல் எல்லாம் உண்டு. 1914-லிருந்து 1925 வரைதான் கறுப்பு ராஜ்யம். அந்த 1925-ல்தான் பின்னால் தொட்டி வைத்த பிக்கப்பை ஃபோர்டு ஃபாக்டரியிலேயே செய்து 281 டாலருக்கு விற்றது. என்ன கலர் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவை இல்லை!

பின்னால் வந்த வண்டிகளில்தான் வம்பு. ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் 1950 செவர்லே 3100 பிக்கப் நின்றது. வெள்ளை பெயிண்ட், ஓரமெல்லாம் துரு. பக்கத்தில் எண்பது வயசுப் பெரியவர்.

"எங்கப்பா புதுசா வாங்கின வண்டி. நீலம். வெள்ளை, தம்பி அடிச்சது. பழையபடி நீலமாக்கணும்."

"வண்டிகிட்டயே கேட்டுடலாம் சார்" என்றார் மெக்கானிக்.

கதவுத் தூணில் ஒரு தகடு. எந்த ஃபாக்டரி, எந்த வருஷம் என்று சொல்கிறது. கலரைப் பற்றி மூச்சு விடவில்லை. மெக்கானிக் முகமூடி மாட்டிக்கொண்டார். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், தூசி பறக்கக் கூடாது. தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்தார். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல வளையங்கள்! வெள்ளை, அதற்குள் நீலம், அதற்குள் பச்சை, நடுவில் பிரைமர்.

"பிரைமரை ஒட்டி இருக்கிறதுதான் ஃபாக்டரி கலர்."

"வேற வண்டிக் கதவை மாட்டியிருந்தா?" என்றேன்.

"அதனாலதான் ஒரு இடத்தை மட்டும் நம்பக் கூடாது."

பானெட்டில் பெயர்த் தகட்டைக் கழற்றினார். வெயிலே படாத பளிச் பச்சை. எஞ்சினுக்குப் பின்னால் ஹீட்டர் மறைத்த தகரம்: பச்சை. கதவுக் கீல் அடியில்: பச்சை. மூணு சாட்சியும் ஒரே வாக்குமூலம். அந்த வருஷங்களில் செவர்லே லாரிகளுக்கு வழக்கமான கலரே 'ஃபாரஸ்டர் கிரீன்' என்ற கரும்பச்சைதான். கலர் அட்டையை வெயில் படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்திவிட்டது.

பெரியவர் முகம் சுண்டிவிட்டது. "நான் பார்த்தது நீலம்தானே?"

"நீங்க பார்த்ததும் சரி. உங்கப்பா அடிச்ச நீலம் அது. பச்சை அடிச்சா போட்டியில மார்க் கிடைக்கும், விக்கும்போது விலையும் ஏறும்."

பெரியவர் வளையத்தை விரலால் தடவினார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"பச்சை கம்பெனி முடிவு பண்ணினது. நீலம் எங்கப்பா முடிவு பண்ணினது. நீலமே அடிங்க."

மெக்கானிக் தலையை ஆட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை: ஹீட்டருக்குப் பின்னால் இருக்கிற பச்சையில் கை வைக்க மாட்டாராம். நாளைக்கு யாராவது உப்புத்தாளோடு வந்தால் உண்மை அங்கே இருக்கட்டும் என்றார். பெரியவரும் சம்மதித்தார்.