உருளைத் தண்டின் நடு

சதுரக் கட்டைக்கு நடுப் பார்ப்பது பெரிய காரியமில்லை. மூலைக்கு மூலை இரண்டு கோடு கீறினால் போதும். உருளைத் தண்டுக்கு மூலையும் இல்லை, பக்கமும் இல்லை. அதன் முதுகின் நட்டநடுவே, கீ இருப்பதற்கு ஒரு தவாளிப்பு வெட்டுவதென்றால் கட்டரை எங்கே நிறுத்துவது? கண்ணை நம்பினால், தவாளிப்பு ஒரு பக்கம் விலகும், கீ சரிந்து நிற்கும், புல்லி ஏறாது. அடித்து ஏற்றினால் சில நாளில் கரை தேய்ந்து ஆடத் தொடங்கும்.

இம்முறை வெட்டவேண்டியிருந்தது அத்தானின் தண்ணி மிசினுக்கு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது, வீட்டுச் சாமான் பாதியை விட்டுவிட்டு அந்த மிசினை மாட்டுவண்டிலில் ஏற்றியவர் அவர். போன இடமெல்லாம் அது கூடப் போனது. காணி 2017இல்தான் விடுபட்டது. கிணறு இறைக்க மிசினை இறக்கிப் பார்த்தால் தண்டின் கீ இடம் தின்றுபோயிருந்தது.

"சுன்னாகத்திலையும் வெட்டுவாங்கள். ஆனா உன்னட்டை லேத்து நிக்குதெல்லே" என்றார் தொலைபேசியில். சுன்னாகத்தில் வெட்டினால் ஒரு நாள் வேலை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

எட்மண்டனில் எங்கள் பின்வளவுக் கொட்டிலில் நிற்பது பழைய மைஃபோர்ட். நொட்டிங்காமுக்குப் பக்கத்திலுள்ள பீஸ்ரனில் செய்தது. அந்தப் பட்டறை 2011இல் மூடப்பட்டது. மில்லிங் மிசின் வைக்கக் கொட்டிலில் இடமில்லை. ஆகவே இந்நாட்டு வீட்டுப் பட்டறைக்காரர் பலர் செய்வதுபோல, கட்டரை லேத்தின் தலையில் பூட்டி, தண்டை மேலும் கீழும் நகரும் சிறு மேடையில் குறுக்காக இறுக்கி வெட்டுகிறேன். மில்லிங் மிசின் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. வடக்கே சில மைல் தள்ளி, என்ஃபீல்ட் லொக்கில், 1988இல் மூடப்பட்ட அரச துவக்குத் தொழிற்சாலைக்கு 1850களிலேயே அவற்றை அமெரிக்காவிலிருந்து இறக்கினார்கள். ஊரில் பொலிசின் தோளில் தொங்கிய 303இன் பெயரிலுள்ள என்ஃபீல்ட் இதுதான்.

நடுப் பிடிக்கும் வித்தையை எனக்குக் காட்டியவர் அயலிலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அதற்கு வேண்டியது சிகரெட் சுற்றும் தாள் ஒன்று. தண்டைக் கட்டருக்குக் கீழே இறக்கி, கட்டரின் நுனி தண்டின் முதுகைத் தாண்டி நிற்கும்படி கொண்டுவர வேண்டும். இடையில் தாளைப் பிடித்துக்கொண்டு மேடையை மெல்ல ஏற்ற, லேத்தைக் கையால் சுற்றும்போது கட்டர் தாளைக் கவ்வி இழுக்கும். அந்த இடம்தான் தொடக்கம். பிறகு கணக்கு. முக்கால் அங்குலத் தண்டு. அதில் பாதி, அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால், 375. மூன்றின்கீழ் பதினாறு கட்டரில் பாதி 94. தாளுக்கு 1. தண்டைக் கட்டரிலிருந்து விலக்கிவிட்டு மேடையை 470 ஏற்றினால் கட்டர் நடுவில் நிற்கும். ஏற்றும்போது கூடிவிட்டால் சும்மா திருப்பி விடக்கூடாது. நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். திருகுக்கும் நட்டுக்கும் இடையே இருக்கிற ஆட்டம் அளவைத் தின்றுவிடும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊரிலே எங்கள் மேஸ்திரியாரிடம் மில்லிங்கும் இல்லை, தாளும் இல்லை. தண்டை லேத்தில் பிடித்து, சுற்றவிடாமல், நடு உயரத்துக்கு வைத்த கூர் அலகைத் தண்டின் நீளத்துக்கு இழுப்பார். மயிர்க்கோடு ஒன்று விழும். லேத்துக்கு நடு ஏற்கெனவே தெரியும், அதை ஏன் அளப்பான் என்பது அவருடைய கட்சி. பிறகு குறட்டில் பிடித்து உளியும் அரமுமாக அரை நாள் வேலை. இலக்கம் ஒன்றும் இல்லாத அந்த முறைதான் எனக்கு இன்றும் அழகாகப் படுகிறது. என்றாலும் அத்தானுடைய தண்டைக் கிழவரின் முறையில்தான் வெட்டினேன். கோட்டையும் கீறி வைத்துக்கொண்டு.

முதல் வெட்டில் இரண்டு கரையும் ஒரே உயரமாக வந்தன. கோடு நடுவில் போயிற்று.

ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில், எண்ணெய்த் துணி சுற்றி, தண்டு போய்ச் சேர்ந்தது. கீ விரலால் அமத்தப் பாதி இறங்கியதாம், மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. இங்கிலாந்து மிசின், அங்குலத்தில் சரியாகப் பொருந்தியது. கிணற்றில் முதல் இரண்டு நாளும் சேறுதான் வந்ததாம். இப்போது புல்லியும் தேய்ந்துபோயிற்று என்று அளவு அனுப்பியிருக்கிறார்.